கேம்ப்புக்குப் போகாதவர்களின் கண்ணீர்

வனிதாவுக்கு எதுவும் லேசில் பிடித்துவிடாது. குளத்தூரில் அவள் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆதார் அட்டையில் தன் முகம் நன்றாக விழுந்திருப்பதாக யாராவது சொல்லிக்கொண்டால், "அந்த மெஷினுக்கும் கண்ணு போயிருச்சா?" என்பாள். கல்யாணப் பத்திரிகை நகலெடுக்க வந்தால் மாப்பிள்ளையின் படிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு உதட்டைச் சுழிப்பாள். கணவன் கண்ணன் கத்தாரில் கட்டட வேலையில் இருந்தான். பிள்ளைகள் இல்லை. கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் போனில் படம் பார்ப்பாள். பார்ப்பதும் ரசிக்க அல்ல, ஏசத்தான்.

அவளுடைய தம்பி சூர்யபிரகாஷ் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். திருச்சியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் தேவிப்ரியா. இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் படம் பார்க்கத் திட்டம் போட்டார்கள். தனியாக அனுப்பப் பெண்ணின் அம்மாவுக்கு மனமில்லை. அதனால் துணைக்கு வனிதா போனாள்.

படம் பட்டணத்துப் பிள்ளைகளைப் பற்றியது. பதினைந்து வயதுப் பையன்களும் பெண்களும் கோடை விடுமுறைக்கு மலையில் ஒரு சம்மர் கேம்ப்புக்குப் போகிறார்கள். ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் வாசிக்க கிட்டாரும் தயாராக இருக்கிறது. ஒருவனுக்கு ஒருத்தி மேல் காதல், சொல்ல வாய் வரவில்லை. இன்னொருவனுக்கு அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. கடைசி நாள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு பஸ் ஏறுகிறார்கள். அதற்குள் அத்தனை பேரும் பெரிய மனிதர்களாகிவிட்டார்களாம்.

"ஏரிக்கரையில படுத்திருக்குதுக, ஒரு கொசு இல்லையே" என்று வனிதா பாதிப் படத்தில் வாய்விட்டே சொன்னாள். தேவிப்ரியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சூர்யபிரகாஷ் திரும்பி முறைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

படம் முடிந்து வெளியே வந்தால் அங்கே அதைவிடப் பெரிய படம் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண்கள் சிலர், காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், பல வருஷம் கழித்துச் சந்தித்தவர்கள் போலக் கட்டிக்கொண்டு விசும்பினார்கள். குளத்தூர் உரக்கடை சேவுகன் கர்ச்சீப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்து இப்போது யூடியூப் சேனல் நடத்தும் ராக்கன், மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டியிருந்தான்.

"அப்படியே என் சின்ன வயசத் திரும்பப் பாத்த மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார் சேவுகன்.

வனிதாவுக்குக் கோபமே வந்துவிட்டது. சேவுகனின் சின்ன வயதை அவளுக்குத் தெரியாதா? அவர் ஆடு மேய்த்த கதையை அவரே அவள் கடையில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்!

அடுத்து மைக் சூர்யபிரகாஷிடம் போனது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எனக்கு ரொம்ப பெர்சனலா கனெக்ட் ஆச்சு. டென்த் லீவுல நான் ஏற்காட்டுல ஒரு சம்மர் கேம்ப் போயிருந்தேன். அதே டென்ட், அதே ஏரி. அந்த ஃப்ரெண்ட்ஷிப்லாம் இனிமே கெடைக்காதுங்க."

"நீ எப்படா ஏற்காடு போன?" என்றாள் வனிதா.

ராக்கனுக்கு இது போதும். மைக் அவள் பக்கம் திரும்பியது. "அக்கா, நீங்க சொல்லுங்க. படம் எப்படி?"

"படமா அது? அத்தனை புள்ளைக மலையில போயிக் கெடக்குது, ஒண்ணுக்காவது ஆத்தா போன் பண்ணுச்சா? ஒருத்தனுக்காவது வயித்தால போச்சா? எங்க ஊருல கேம்ப்புன்னா ரெண்டுதான். ஒண்ணு கண் கேம்ப்பு, இன்னொண்ணு கத்தார் கேம்ப்பு. இங்க நின்னு அழுவுறவுக ஒருத்தரும் சம்மர் கேம்ப்பு வாசல மிதிச்சதில்ல. இந்தா நிக்கிறானே என் தம்பி, டென்த் லீவுல ஆதனக்கோட்டையில எங்க சித்தி வீட்டுல முந்திரிக்கொட்டை ஒடச்சான். அதுவும் ஒழுங்கா ஒடைக்கல. வயித்துவலின்னு சொல்லிட்டு மரத்தடியில தூங்குனான். அவன் பங்கையும் சேத்து ஒடச்சு எனக்குத்தான் வெரல் தோலு உரிஞ்சுச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சேவுகன் நழுவினார். சூர்யபிரகாஷின் காது இரண்டும் சிவந்துவிட்டன. சின்ன வயதில் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டாலும் அவனுக்குக் காதுதான் சிவக்கும். அதைப் பார்த்ததும் வனிதாவுக்கு உள்ளே லேசாகச் சுருக்கென்றது. ஆனாலும் பொய் சொன்னவன் அவன்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

கார் நார்த்தாமலையைத் தாண்டியது. பிறகு தேவிப்ரியா மெதுவாகக் கேட்டாள்.

"ஏற்காட்டுல போட் கவுந்து, நீங்க ஒருத்தனைக் காப்பாத்துனதா சொன்னீங்களே?"

"அது... ஃப்ரெண்டு சொன்னது" என்றான் அவன்.

வனிதாவைக் குளத்தூரில் இறக்கிவிட்டபோது அவன் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "இனிமே உன்னை எங்கிட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றான்.

"நானா வாரேன்னு நின்னேன்?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

மறுநாள் ராக்கனின் சேனலில் அவள் பேசியது வந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது. 'இந்த அக்கா வேற லெவல்' என்று ஆயிரம் பேர் எழுதினார்கள். கடைக்குப் பக்கத்தில் இருந்த தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் அவளோடு நின்று செல்பி எடுத்தார்கள். படத்தைப் புகழ்ந்தவர்கள் மேல் இருந்ததைவிட இவர்கள் மேல் அவளுக்கு இளக்காரம் அதிகமானது. நேற்று இதே படத்துக்கு அழுதவர்கள்தானே இன்று இதைப் பார்த்துச் சிரிப்பதும்? வாரம் ஒரு படத்தைப் பற்றிப் பேசித் தரும்படி ராக்கன் கடைக்கே வந்து கேட்டான்.

"ஜெராக்ஸ் எடுக்கிறதா இருந்தா நில்லுங்க. இல்லேன்னா வெளிச்சத்த மறைக்காம நகருங்க" என்றாள்.

தேவிப்ரியா போன் செய்தாள். கல்யாணம் நின்றுவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே வனிதா எடுத்தாள்.

"அண்ணி, நான் நெஜமாவே சம்மர் கேம்ப் போயிருக்கேன். மூணாம் நாளே அழுது அம்மாவ வரச்சொல்லிட்டேன். அவர் அவ்வளவு ஆசையா ஏற்காடு கதை சொன்னாரா, நானும் ஒரு மாசம் இருந்து மெடல் வாங்கினேன்னு சொல்லிவெச்சிருக்கேன். நீங்க காட்டிக் கொடுத்துராதீங்க."

"நல்லாப் பொருந்துன ஜோடிதான்" என்று வனிதா போனை வைத்தாள். எரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கண்ணனுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"உன் வீடியோவ ரூம்ல எல்லாரும் பாத்தானுக. சிரிச்சு மாளல" என்றான். கொஞ்சம் இழுத்து, "ஆனா வனிதா, அது நல்ல படம்தான்" என்றான்.

"நீங்களுமா? எப்பப் பாத்தீங்க?"

"போன வாரம். எங்க ரூம் அருள்தாஸ் போனுல எறக்கி வச்சிருந்தான். கட்டில்ல வரிசையா உக்காந்து எல்லாரும் பாத்தோம். அருள்தாஸு அழுதே போயிட்டான்."

"அப்படி என்னங்க இருக்கு அதுல?"

"கடைசில எல்லாரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போறாங்கள்ல. அது."

ஊர் வந்து போய் மூன்றாவது வருஷம் அவனுக்கு. சுவரோரம் அடுக்குக் கட்டில்கள், ஜன்னல் கம்பியில் காயும் பனியன்கள் என்று அவன் வீடியோவில் காட்டிய அந்தக் கேம்ப் அறையை அவளுக்குத் தெரியும்.

"அத மட்டும் காட்டியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். அதுக்கு எதுக்கு ரெண்டரை மணி நேரம்?" என்றாள். அவன் சிரித்தான். வீட்டில் தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டதா என்று விசாரித்தான்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. சூர்யபிரகாஷ் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசாமலே மணவறையில் உட்கார்ந்தான். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் வர வேண்டும் என்றார் ஐயர். வனிதா பெண்ணுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள்.

"ஒழுங்காப் போடுக்கா" என்றான் தம்பி, அவள் பக்கம் திரும்பாமல்.

"நீ போட்ட ரெண்டும் தொளதொளன்னுதாண்டா இருக்கு" என்றாள் வனிதா. அவற்றையும் இழுத்து இறுக்கிவிட்டுத் தன் முடிச்சைப் போட்டாள்.