ஆறாவது பல்செட்

அமெரிக்காவின் வடகோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் பல் டாக்டர்கள் மாறுவார்கள். முந்தின நாள் வரை இருந்த நான்கு பேர் சான்றிதழோடு போய்விடுவார்கள். புதிதாக நான்கு பேர் கழுத்தில் அட்டையோடு வந்து கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். நோயாளிகள் மட்டும் மாறுவதில்லை. நாற்காலி, விளக்கு, எச்சில் உறிஞ்சும் குழாய், கிழவர் எய்னோ லாஹ்டெலா என்று சாமான்களோடு சாமானாகக் கைமாறுவார்கள்.

பட்டம் வாங்கிய பல் டாக்டர்கள் மேற்கொண்டு ஒரு வருடம் எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் பழகும் பயிற்சி அது. அந்தக் கொஞ்சத்துக்கு நிர்வாகம் எண்ணிக்கை வைத்திருந்தது. முழுப் பல்செட் என்றால் ஆறு. அச்சு எடுப்பதிலிருந்து வாயில் மாட்டுவது வரை ஒரே ஆள் செய்திருந்தால்தான் அது கணக்கில் ஏறும். ஒழுங்கான விதிதான். அந்த விதியினால்தான் எய்னோவுக்கு நான்கு வருடமாகப் பல் இல்லை.

எய்னோ இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடமும் ஒரு டாக்டர் அச்சு எடுப்பார், மெழுகில் பல் பதித்துப் பார்ப்பார், ஜூன் முடிந்துவிடும். அடுத்து வருபவர் அதைத் திருப்பிப் பார்த்து, "கடி சரியில்ல, முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்பார். அடுத்தவர் தொடங்கியதை முடித்தால் தனக்கு எண்ணிக்கை ஏறாதே.

அந்த வருடம் எய்னோ கர்ட்டிஸ் மேபெரியின் பட்டியலில் வந்தார். மிஸிஸிப்பிக்காரனான கர்ட்டிஸுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. உடன் பயின்ற மூவரும் உள்ளூர்க்காரர்கள். "ஒருநாள் வீட்டுக்கு வரணும் நீ" என்று அன்பாகச் சொல்வார்கள். எந்த நாள் என்று சொன்னதில்லை. கேன்டீனில் மற்ற டாக்டர்களின் மேஜையில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். தங்கள் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு ஏரியைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் எய்னோவுக்கு அச்சு எடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அவர் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியின் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தார். கர்ட்டிஸ் மரியாதைக்கு ஒருநாள் எட்டிப் பார்த்தான். மறுநாள் சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் சூப்பை உறிஞ்சியபடி அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்தக் கோழி எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்ல."

"பரவாயில்ல, மெல்லு. நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ட்டிஸின் அம்மா போன் செய்து, யாராவது சிநேகிதம் கிடைத்ததா என்பார். கிடைத்திருக்கிறது, தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம் என்பான். வயது எழுபத்தெட்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

எய்னோ தடி ஊன்றி நடந்து கிளினிக்குக்கு வந்தபோது ஜூன் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கர்ட்டிஸ் அதற்குள் ஐந்து பல்செட் முடித்திருந்தான். ஆறாவதுக்கு எய்னோவை விட்டால் வேறு ஆள் இல்லை. புதிதாகத் தொடங்கினால் மூன்று வாரத்தில் முடியாது. லேப் அலமாரியில் போன வருடத்து டாக்டர் விட்டுப்போன மெழுகுப் பல் இருந்தது. எடுத்து வாயில் வைத்துப் பார்த்தான். பொருந்தியது. நான்கு வருடத்து மெழுகுப் பல்லும் பொருந்தியிருக்கும் போல.

இருபது வருடமாக அங்கே உதவியாளராக இருக்கும் மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"அத முடிச்சா உங்களுக்கு எண்ணிக்கை ஏறாது, தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்றீங்களா? போன வருசத்து டாக்டர் கொஞ்சம் புத்திசாலி."

ஜூன் முப்பதாம் தேதி எய்னோ பல் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"என் மச்சினன் மாதிரி இருக்கேன். அவன எனக்குப் புடிக்காது." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

அன்று மாலை விருந்தில் மூன்று பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இயக்குநர் டாக்டர் சண்ட்க்விஸ்ட் கர்ட்டிஸின் தோளில் கை வைத்தார். "விதின்னா விதிதான், கர்ட்டிஸ். ஜூலை பூரா இரு. ஒரே ஒரு செட்டு." சொந்த ஊரில் கர்ட்டிஸுக்கு ஆகஸ்டு முதல் தேதி ஒரு வேலை காத்திருந்தது. சான்றிதழ் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள்.

ஜூலையில் அவனுடைய நாற்காலி பெய்ஜ் என்ற புதுப் பெண்ணுக்குப் போனது. லாக்கரும் போனது. பல்லில்லாதவர்கள் உள்பட ஊரே கோடையைக் கழிக்க ஏரிக்கரைக் குடில்களுக்குப் போயிருந்தது. கர்ட்டிஸ் லேபில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பல் வரிசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஏதோ சாமான் பழுதுபார்க்க வந்த ஆள் என்று பெய்ஜ் மூன்று நாள் நினைத்திருந்தாள்.

ஒன்பதாம் தேதி எய்னோ வந்தார். கீழ் ஈறு வலிக்கிறதாம். விதிப்படி பெய்ஜின் நோயாளி. அவள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கடி சரியில்ல. முதல்லேருந்து ஆரம்பிச்சுடலாமா?"

அந்தப் பக்கமாகப் போன இயக்குநர் நின்றார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல மனிதர், அவ்வப்போது தோன்றும்.

"பெய்ஜ், இவர கர்ட்டிஸ்கிட்ட விட்டுடு. கர்ட்டிஸ், புதுசா ஆரம்பி. இப்ப உனக்கு வேற நோயாளி இல்ல, ராப்பகலா உக்காந்தா மாசக் கடைசில முடிச்சுடலாம். கடி சரியில்லன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

எய்னோ நாற்காலியிலிருந்து கழுத்தைத் திருப்பினார். "நாலு தடவ ஆச்சு, அஞ்சாவதா ஆகட்டுமே. நீ சொன்னா சரி, டாக்டரே. மூணு வாரம் சூப்பு குடிச்சா செத்தா போயிடுவேன்? மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து உன்கூட உக்காந்துக்கிறேன்."

கர்ட்டிஸ் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தான். ஈறில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கடியில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். பல்செட்டைக் கழற்றி, உறுத்தும் இடத்தில் அடையாளம் வைத்து, சின்ன அரத்தால் தேய்த்துக் கழுவி மாட்டினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"கடிங்க."

எய்னோ கடித்தார். மறுபடியும் கடித்தார். "வலிக்கல."

"கடி சரியாத்தான் இருக்கு," என்றான் கர்ட்டிஸ், இயக்குநரைப் பார்க்காமல்.

"அப்ப நான் எப்ப வரணும்?"

"வர வேண்டியதே இல்ல. அடுத்த வருசம் ஒருதடவ காட்டுங்க, போதும்."

"அப்ப நீ இருக்கமாட்டியே."

"மாட்டேன்."

எய்னோ தடியைத் தேடி எடுத்துக்கொண்டார். புதுப் பற்களை ஒருமுறை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு வெளியேறினார். நன்றாகப் பொருந்திய பல்செட்டில் அந்த ஒரு குறை உண்டு. மாட்டிக்கொண்டவர் திரும்பி வருவதில்லை.

ஊரில் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். குளிர் தொடங்கி ஜனங்கள் குடில்களிலிருந்து திரும்பிய பிறகு, செப்டம்பரில் ஒரு பல்லில்லாத அம்மாள் கிடைத்தார். கர்ட்டிஸ் அச்சு எடுத்து, மெழுகு பதித்து, நவம்பரில் மாட்டிவிட்டான். அந்த அம்மாள் அவனோடு வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

விருந்து ஜூனிலேயே முடிந்துவிட்டதால் சான்றிதழை மார்லிஸ்தான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்துக் கொடுத்தாள். "அம்மாவுக்கு அனுப்ப வேணாமா? நில்லுங்க, ஒரு போட்டோ எடுக்கறேன்," என்றாள். பக்கத்தில் நிற்க ஆள் தேடி இருவரும் தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளை, ஒருவரும் இல்லை. படத்தில் சுவர்தான் அதிகமாக விழுந்திருக்கிறது.