உச்சிக்கொண்டை

என் அம்மா நல்லம்மாள் எதற்கும் பயந்ததில்லை என்று சொன்னால் அது பொய். இடிக்குப் பயப்படுவார். கரப்பான் பூச்சியைக் கண்டால் பெஞ்சின் மேல் ஏறி நிற்பார். மனிதர்களுக்குத்தான் பயந்ததில்லை. அதிலும் என் அத்தை நவமணிக்குப் பயந்ததே இல்லை. எங்கள் ஆர்கைல் ரோட்டு வீட்டில் அப்பா உட்பட மற்ற எல்லோரும் அத்தைக்குப் பயந்தவர்கள்தான்.

நான் சொல்லப்போவது நடந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டை எங்கள் வீட்டில் கடைசிவரை ஆறவே இல்லை. அம்மா ஒரு பக்கம் சொல்வார், அத்தை மறு பக்கம் சொல்வார், இரண்டையும் கேட்டே வளர்ந்தேன். அதிசயம் என்னவென்றால் இருவர் சொன்ன கதையும் ஒன்றுதான். யார் ஜெயித்தது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அம்மாவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பினாங்கில் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பா பிச்சைமுத்து அந்த டிராமில்தான் டிக்கெட் கிழித்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அத்தையின் கணவர் கப்பலில் வேலைசெய்தார், வருஷத்துக்கு ஒருமுறை தலை காட்டுவார். அதனால் அத்தை தம்பி வீட்டிலேயே இருந்தார். அம்மாவுக்கு நினைவு தப்பிய அன்று அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தார். பயந்துபோய், தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, இவ பிழைச்சு எழுந்தா இவ தலைமுடிய உனக்கு இறக்கிடறேன்" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார்.

அம்மா பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது விஷயம் சொல்லப்பட்டது.

"யார் முடிய?" என்றார் அம்மா.

"உன் முடியத்தான். வேற யார் முடிய?"

"என்கிட்ட கேட்டீங்களா அக்கா?"

"நீ கண்ணே தொறக்காம கிடந்தே. உன்னை எப்படிக் கேக்கறது?"

"அப்ப உங்க முடிய நேர்ந்திருக்கலாமே."

வீட்டில் யாரும் அத்தையிடம் அதுவரை அப்படிப் பேசியதில்லை. அப்பா அந்த நேரம் பார்த்து டிராம் டிப்போவில் ஏதோ வேலை இருப்பதாக ஞாபகம் வந்து கிளம்பிப் போய்விட்டார். அப்பாவுக்கு அந்த மாதிரி ஞாபகங்கள் அடிக்கடி வரும்.

அம்மாவுக்குத் தன் முடி என்றால் உயிர். பெரிய அழகி இல்லை, நகைநட்டு இல்லை, பிறந்த வீடும் இல்லை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, உறவுக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர். ஒவ்வொரு வீட்டிலும் எதையாவது பிடுங்கிக்கொள்வார்கள். தோட்டைக் கழற்றிக்கொள்வார்கள், நல்ல பாவாடையை வாங்கிக்கொள்வார்கள். யாராலும் கழற்ற முடியாததாக அவரோடு கூடவே வந்தது அந்த முடி ஒன்றுதான். அதை இன்னொருத்தி நேர்ந்துவிட்டாள் என்றால் எப்படி இருக்கும்? எனக்குச் சொல்லும்போதே அம்மாவுக்கு மூக்கு சிவக்கும்.

வம்புக்கென்றே காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. "பாத்தியா, நீ குடுக்கலைன்னா அவனே எடுத்துக்கறான்" என்றார் அத்தை. மொட்டை போட்டால் நல்ல அடர்த்தியாக வளரும் என்று தெருவே வந்து சொல்லிவிட்டுப் போனது.

அம்மா சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சில முடிகளின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. அவை வேரோடு வந்தவை, காய்ச்சல் உதிர்த்தவை. நாள் போகப்போக அவை குறைந்தன. ஆனால் பொட்டே இல்லாத துண்டு முடிகள் நிற்காமல் வந்தன. அவை உதிரவில்லை, அறுந்தன. தினம் ஈரத்தோடு இழுத்து வாரி, சவுரி வைத்து இறுக்கிப் பின்னி, பூச்சரத்தை வேறு கட்டித் தொங்கவிட்டால் அறுந்துபோகாமல் என்ன செய்யும்? புடவையில் தரையில் உரசும் ஓரம்தானே முதலில் நைந்துபோகிறது என்று அம்மா கேட்பார்.

அன்றோடு சவுரியைத் தூக்கிப் பரணில் போட்டார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, முடி காய்ந்த பிறகு விரலாலேயே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பார். இரண்டாகப் பிரித்து, லேசாக முறுக்கி, இரண்டையும் உச்சந்தலைக்குக் கொண்டுபோய்ச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, இரண்டு கொண்டை ஊசி குத்துவார். இறுக்கவே மாட்டார். அடுத்த வெள்ளிவரை அதைப் பிரிக்க மாட்டார். பிடரியில் கொண்டை போட்டால் பாயிலும் தலையணையிலும் உரசும் என்றுதான் உச்சியில். படுக்கும்போது அதன்மேல் பழைய பட்டுத் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்வார். பூ வைக்க வேண்டும் என்றால் ஊசியிலேயே ஒற்றைப் பூ. அவ்வளவுதான் வித்தை.

இதற்குத்தான் வீடு இரண்டுபட்டது. எங்கள் ஆட்களில் கல்யாணமான பெண் சடை போடுவாள், அல்லது பிடரியில் கொண்டை போடுவாள். உச்சியில் ஊசி குத்திக்கொள்வது பாபா என்கிற உள்ளூர்ச் சீனக் குடும்பங்களின் பெண்கள், நோனியாக்கள்தான்.

"பாபா வீட்டு நோனியா மாதிரி நிக்கிறியே, பாக்கிறவங்க என்ன ஜாதின்னு நினைப்பாங்க?" என்றார் அத்தை.

"பாக்கிறவங்கள அவங்க தலைய பாத்துக்கச் சொல்லுங்க."

"பாசாருக்குப் போனா சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும் லா. சிரிச்சா என் முடி அறுந்துபோகாது."

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அத்தை பரணிலிருந்து சவுரியை இறக்கிக்கொண்டு வாசலில் நின்று, இதை வைத்துப் பின்னாமல் படி தாண்டக்கூடாது என்றார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு போனார். பந்தலில் பெண்கள் குசுகுசுத்தபோது நிமிர்ந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அடுத்த வீட்டு நூர்ஜான்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தக் கூட்டத்துலயே உன் தலைதான் அக்கா உயரமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாராம்.

தைப்பூசம் ஒவ்வொன்றாக வந்து போனது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அத்தை மஞ்சள் துணியை எடுத்து முன்னால் வைப்பார். அம்மா "நான் நேரல" என்பார். அந்த மாதம் முழுக்க இருவருக்கும் பேச்சு இருக்காது. வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டுதான் அம்மா கொண்டையை அவிழ்ப்பார், அதனால் உள்ளே முடி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. வளராமல் குட்டையாக நின்றுவிட்டது, அதை மறைக்கத்தான் இந்த வேஷம் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

பிறகு அப்பா குளிக்கும் இடத்துப் பாசியில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார்.

"கேக்கறான்டி. குடுத்த வாக்கைக் கேக்கறான். இன்னைக்கு கை, நாளைக்கு என்ன?" என்று அத்தை கதறினார். அது நடிப்பு இல்லை. அத்தை நிஜமாகவே நடுங்கிப்போயிருந்தார். சாமிக்குச் சொன்னது நிற்கிறது என்ற பயத்தில் இத்தனை வருஷம் சரியாகத் தூங்கியதில்லை என்று பின்னாளில் என்னிடமே சொல்லியிருக்கிறார். கட்டுப்போட்ட கையோடு அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது அம்மாவுக்கும் முதல்முறையாக மனசு ஆடியது. ஒருவேளை தன் பிடிவாதம்தானோ என்று தோன்றியது. தோன்றியதை அம்மா ஒளிக்கவில்லை, என்னிடம் சொன்னார்.

"சரி, வரேன்" என்றார் அம்மா.

அந்தத் தைப்பூசத்தன்று மூவரும் தண்ணீர்மலைக்குப் போனார்கள். அடிவாரத்தில் மரத்தடியில் முடி இறக்கும் பக்கிரிசாமி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முன்னால் பலகையில் உட்கார்ந்து, இரண்டு ஊசியையும் உருவினார்.

முடி அவிழ்ந்து முதுகில் இறங்கி, பலகையைத் தாண்டித் தரையில் போய்க் குவிந்தது. நைந்த நுனி ஒன்று இல்லை. காய்ச்சலுக்கு முன்னால் இருந்ததைவிட நீளம். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அந்த முடியை மடியில் அள்ளி வைத்துக்கொண்டார். அதைத் தொட்டதும் மனசின் ஆட்டம் நின்றுவிட்டது என்பார்.

பக்கிரிசாமி சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "நேர்ந்தவங்க சாமி பேரைச் சொல்லுங்கம்மா."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"நேர்ந்தது அவங்க. அவங்களே உக்காரட்டும்."

"ஏய் நல்லம்மா, சாமி விஷயத்துல வெளையாடாதே!"

"நான் வெளையாடல. நாலு வருஷமா வெளையாடுறது நீங்க. முருகன்கிட்ட பேசினது உங்க வாய். நீங்க அழுது கேட்டீங்க, அவன் என்னைக் குடுத்தான். நான் இல்லைங்கல. அந்த வாக்கு உங்க தலைமேல நிக்குது, என் தலைமேல இல்ல. அடுத்தவ தலைய தூக்கி சாமிக்குக் குடுக்க நீங்க யாரு?"

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு ஓடிப்போக அங்கே டிராம் டிப்போ இல்லை. துணியில் கட்டித் தொங்கவிட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, அவ சொல்றது சரிதான்" என்றார். கல்யாணமானதிலிருந்து அப்பா எடுத்த ஒரே கட்சி அதுதான்.

அத்தை கோபத்தில் போய்விடுவார் என்று அம்மா நினைத்தார். ஆனால் அவருக்கு எங்கள் எல்லோரையும்விடச் சாமியிடம் பயம் அதிகம். போய்ப் பலகையில் உட்கார்ந்து சடையை அவிழ்த்தார். சவுரி கையோடு வந்தது. அதற்கடியில் சொந்த முடி விரல் தண்டிகூட இல்லை. நெற்றி ஓரங்களில் இழுத்து இழுத்து வழுக்கையே விழுந்திருந்தது. இத்தனை வருஷம் யாருக்கும் காட்டாததைத் திருவிழாக் கூட்டம் பார்த்தது. அத்தை முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா தன் முந்தானையை விரித்து, கத்தி ஓடி முடியும்வரை கூட்டத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் அத்தை அம்மாவிடம் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். கையில் புதிதாக வாங்கிய இரண்டு கொண்டை ஊசி இருந்தது. முடி இன்னும் காதைத் தாண்டவில்லை.

"இதுக்கு இன்னும் நாளாகும். வளரட்டும், நான் குத்தி விடறேன்" என்றார் அம்மா. "ஆனா இனிமே எவ தலையையும் நேர்ந்துக்காதீங்க."

பிறகு இருவரும் வெள்ளிக்கிழமைகளில் ஒருவருக்கொருவர் சிக்கெடுத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். அந்தக் காட்சியிலிருந்துதான் எனக்கு நினைவே தொடங்குகிறது.

எனக்கு ஆறு வயதில் பெரிய காய்ச்சல் வந்தது. பிழைத்தேன். அத்தைக்கு அப்போது முடி இடுப்பைத் தொட்டிருந்தது. அவர் வாழ்நாளிலேயே அந்த நீளம் இருந்ததில்லை. அந்தத் தைப்பூசத்துக்கு எங்களை அழைத்துக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போய், பலகையில் தானே உட்கார்ந்தார். நேர்ந்தவர் சாமி பேரைச் சொல்லும்படி பக்கிரிசாமி கேட்டதும், சத்தமாகச் சொன்னார். உருவிய இரண்டு ஊசியையும் அம்மா கையில் வைத்திருந்தார்.

என் தலையை யாரும் தொடவில்லை.