ஒருத்தரும் இல்லாத தீவு

பிளேஸ்டோவில் குழாய் வேலை செய்யும் சண்முகராசாவின் விடுமுறைகள் இருபது வருடமாகச் சொந்தக்காரர் வீடுகளிலேயே கழிந்தன. பாரிஸுக்குப் போனாலும் டொரொண்டோவுக்குப் போனாலும் அவர் பார்த்ததெல்லாம் கல்யாண அல்பங்கள்தான். இந்த ஜூனில் கடற்பறவை பார்க்க நாட்டின் வடகோடியில் இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்குப் போவதென்று முடிவெடுத்தார்.

“அங்கை ஆர் இருக்கினம்?” என்று கேட்டாள் மனைவி நகுலேஸ்வரி.

“ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான் போறன்.”

சின்ன விமானம் என்பதால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான். பையை அவரே அடுக்கினார். நிறுத்தபோது ஒரு கிலோ கூட. நகுலேஸ்வரி திறந்து பார்த்தாள். மேலேயே முறுக்கு டின்னும் சொக்லேட் பெட்டிகளும் இருந்தன.

“இதெல்லாம் ஆருக்கு?”

“தங்கிற வீட்டுக்கார மனிசிக்கு. வெறுங்கையோடை போகேலுமே?”

பாரத்தைக் குறைக்க, புதிதாக வாங்கிய தொலைநோக்கியை வெளியே எடுத்துவைத்தார்.