அவரைப் பந்தலில் ஆறு கம்பிகள்

ஞாயிறு மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பையன்கள் ஒரு ராக் இசைக்குழு தொடங்கி உலகப் புகழ் பெறும் கதை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்மா, வீட்ல ஒருத்தராவது துணைக்கு நின்னிருக்கலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது அக்கா கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து கிட்டார் வாசிப்பாள். சாயங்காலத்தில் அம்மா தாளிக்கும் வாசனையும் அவள் வாசிப்பும் சேர்ந்தே வரும். தசராவில் இளைஞர்களுக்கான மேடையில் வாசிக்க அவர்கள் தேர்வானார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேச்சில் கன்னடம் கலந்துவிடும். "பேடான்னா பேடா! வேண்டாம்னா வேண்டாம்தான்! ஊர் முன்னாடி ஆட்டம் போடவா படிக்க வெச்சேன்?" என்று கத்தினார். மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, நிதானமாகக் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் கழற்றிக் கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கட்டினார். அவர் கட்டி முடிக்கும்வரை கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதற்காக இன்றும் என்மேலேயே எனக்குக் கோபம். அந்த வருஷம் அவரைக்கொடி நன்றாகக் காய்த்தது. அக்காவும் அந்த அவரைக்காய்க் குழம்பைத்தான் சாப்பிட்டாள்.

படத்தை நிறுத்தினேன். "அக்காவுக்கு யாருப்பா துணைக்கு நின்னா?"

"அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா?"

"அவகிட்டயே கேளுங்க." குண்டலுபேட்டையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தேன்.

"என்னப்பா, சாப்டீங்களா?" என்று அக்கா கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நின்றுபோயிருந்த படத்தையே பார்த்தார்.