கம்புக்குப் பதிலாக மனோரமா அக்கா

மனோரமா அக்காவின் வீடு கோட்டைக்குப்பத்தின் கடைசி வீடு. அதற்கு அப்புறம் ஏரிதான், கடல் தண்ணீர் வந்துபோகும் உப்பேரி. அந்த ஏரியும் சும்மா இருக்கவில்லை, வருஷத்துக்கு ஓரடி கிட்டே வந்துகொண்டிருந்தது. முதலில் துவைக்கிற கல் போனது. பிறகு ஒரு மழைக்குக் கோழிக்கூண்டு போனது. இன்னும் நாலடி நகர்ந்தால் அடுப்படிச் சுவர். வீட்டுக்காரர் சிங்காரம் அண்ணன் மாரடைப்பில் போய் ஆறு வருஷமாகிறது. ஒரே மகள் நந்தினியை அக்கா அம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சில ஞாயிறு மறந்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்தது. பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்றார்கள். கரையில் கண்டல் செடி நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கிழிந்த நைலான் வலையைக் கொளுத்தாதீர்கள், கரையோரம் என்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுங்கள் என்று சொன்னார்கள். உறுதிமொழிக்குக் கை தூக்கச் சொன்னதும் தூக்கினோம். அது முடிந்துதான் பிரியாணிப் பொட்டலம் என்று தெரிந்ததும் இன்னும் உயரமாகத் தூக்கினோம். வீட்டுக்குப் பத்துக் கன்று கொடுத்தார்கள். என் வீட்டுக் கன்றுகள் பக்கெட்டிலேயே காய்ந்தன. பல வீடுகளில் ஆடு தின்றது. குழுவும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

நட்டது அக்கா மட்டும்தான். தன் பத்தோடு, நாங்கள் வீசியெறிந்ததில் உயிர் இருந்ததையும் பொறுக்கிவந்து, வீட்டுக்கு எதிரே ஏரிச் சேற்றில் நாற்பத்து மூன்று கன்று ஊன்றினார். ஆனால் எங்கள் படகுகள் கரைக்கு வரும் நேர்வழியும் அதுதான். என்ஜின் அலையில் தினமும் நாலைந்து கன்று சாய்ந்தது. அக்கா தினமும் நிமிர்த்தி வைத்தார்.

ஒருநாள் சுற்றிலும் நாலு கம்பு நட்டு, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம், அதற்குப் பாடு என்று பெயர். துணி கட்டிய கம்பு நின்றால் அந்த இடம் ஒருவருடைய பாடு என்று அர்த்தம். பொம்பளை ஒருத்தி ஊரைக் கேட்காமல் பாடு பிடித்துவிட்டாள் என்று ஊரே கொதித்தது. செடிக்கு வேலி என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கூட்டத்தில் தலைவர் பெரியசாமி தீர்ப்புச் சொன்னார். "கம்பு ஊரு சொல்லித்தான் நடணும். நாளைக்குள்ள புடுங்கிடு."

"கம்பு நடக்கூடாது, சரி. ஆளு நிக்கலாமா?" என்று அக்கா கேட்டார்.

ஆள் நிற்கக்கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சிரித்துக்கொண்டே கலைந்தோம்.

மறுநாள் காலை, படகுகள் திரும்பும் நேரத்தில், கன்றுகளுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஆள் மேலேயா படகை விட முடியும்? திட்டிக்கொண்டே என்ஜினை அணைத்து, துடுப்புப் போட்டு, சுற்றிப் போனோம். அதற்கடுத்த நாளும் நின்றார். வெயிலிலும் நின்றார், வாடைக்காற்றிலும் நின்றார். 'டிராபிக் அக்கா' என்று பேர் வைத்தோம். "இன்னாக்கா, பச்ச லைட்டு எப்ப போடுவ?" என்று கேட்போம். "நீ திருந்துன அன்னிக்கு" என்பார். மீன் விற்கும் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டார்கள். படகிலிருந்து நாங்கள் வீசும் அந்தக் கிண்டல்தான் அவருக்கு ஒரு நாளின் மொத்தப் பேச்சு என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. கன்றுகள் இடுப்புயரம் வந்தன. கரை அந்த இடத்தில் மட்டும் கரையாமல் நின்றது.

இந்த ஐப்பசியில் ஒரு காலை, வழக்கம்போல என்ஜினை அணைத்துச் சுற்றி வந்தேன். அக்கா தண்ணீரில் இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. படகைக் கட்டிவிட்டுப் போனேன்.

"எத்தினி நாளா நான் நிக்கல, தெரியுமா தேவா?"

"நேத்து வரலியாக்கா?"

"அஞ்சு நாளு. ஜுரம். எயுந்து கஞ்சி வெக்க முடியல."

அஞ்சு நாளும் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறேன். அஞ்சு நாளும் சுற்றித்தான் போயிருக்கிறேன். நான் மட்டுமில்லை, அத்தனை படகும். கை தானாக என்ஜினை அணைக்கப் பழகியிருந்தது. அங்கே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இங்கேருந்து பாத்துனே இருந்தேன். எல்லாரும் சுத்திப் போறீங்க. சந்தோசமாத்தான் கீது" என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒருத்தரும் கதவத் தட்டலியே" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மீன் கொண்டுவந்து தருகிறேன் என்று உளறிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா மறுபடி தண்ணீரில் நின்றார். படகைக் கிட்டே கொண்டுபோய், உடம்பு சரியில்லாமல் எதற்கு வந்தாய், செடியை இனி யாரும் தொடமாட்டோம் என்று சொன்னேன்.

"செடிக்கு நான் எதுக்குடா? அதுங்க பொயச்சிக்கும். இப்ப எனக்காகத்தான் நிக்கிறேன். ரெண்டு வார்த்த பேசிட்டுப் போ."

பின்னால் வந்த படகிலிருந்து சரவணன் வழியை விடச் சொல்லிக் கத்தினான். கத்தட்டும் என்று துடுப்பைப் படகுக்குள் எடுத்துப் போட்டேன். நந்தினி போன் செய்தாளா என்று கேட்டேன்.