சார்ஜ் போட்டவள்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் கூடத்துக்குள் ஆண் போட்டோகிராபரை அநேகமாக விடமாட்டார்கள். என் பிழைப்பு ஓடுவதே அதனால்தான். என்னை அந்த வீடுகளுக்குள் அழைத்துப் போனவள் பக்கத்து வீட்டுக்காரி. உருதுவில் பேசி எனக்கு இடம் பிடித்துத் தருவாள், லைட் பிடிப்பாள், முந்தின நாளே பேட்டரிகளைத் தன் வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்து வருவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்தும் என்னோடு நிலைத்தவள் அவள் ஒருத்திதான்.

போன மழைக்காலத்தில் அவளுடைய சொந்த அக்கா மகளுக்கு வாணியம்பாடியில் கல்யாணம். வேறு ஆளை வைக்க இருந்தவர்களிடம் மல்லுக்கட்டி அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தாள்.

காலையில் அவள் கொண்டுவந்த இரண்டு பேட்டரிகளையும் வாங்கிப் பார்த்தேன். மழை ஈரத்தில் முனையிலுள்ள மஞ்சள் தகடுகள் மங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளில் துணிக்குப் பஞ்சம் வந்தாலும் தோல் துண்டுக்கு வராது. டிவி, கண்ணாடி, செல்போன் எல்லாம் அதில்தான் துடைப்போம். நானும் ஒரு பழுப்புத் துண்டை எடுத்துத் தகடுகளை அழுத்தித் தேய்த்தேன். கேமராவில் பேட்டரி போடும் இடத்திலும் விரலால் துண்டைத் திணித்துத் துடைத்தேன். ஆன் செய்தேன், திரை எரிந்தது. ஒரு படம் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மண்டபத்தில் மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்க வந்தார்கள். அவள் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டதும் தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பட்டனை அமுக்கினேன். ஷட்டர் விழவில்லை, திரை அணைந்துவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தால் எரிந்தது, அமுக்கினால் செத்தது. மெமரி கார்டைக் கழற்றிப் போட்டேன். லென்ஸைத் திருகி மாட்டினேன். இன்னொரு பேட்டரியை மாற்றினேன், அதுவும் அப்படியே. ஒன்று போனால் பேட்டரிக் கோளாறு; இரண்டும் போனால் சார்ஜ் போடவில்லை. என் மூளை அவ்வளவுதான் ஓடியது.

"ஒரே ஒரு வேல குடுத்தேன். அதுக்குக்கூட லாயக்கில்லையா நீ?" என்று கத்தினேன். அவளுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

"போட்டேன்க்கா. பச்ச லைட்டு வந்தப்புறம்தான் எட்த்தேன்."

"பொய் சொல்லாத."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். ஆண்கள் பக்கத்துப் போட்டோகிராபரிடம் இன்னொரு கேமரா கேட்டு வாங்கி வந்து என் கையில் கொடுத்தாள். மீதிக் கல்யாணத்தை அதில் எடுத்தேன். தாயும் மகளும் கட்டிக்கொண்டதை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். அதில் முகங்கள் கலங்கிப் போயிருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினேன். காலியாக இருந்ததை உறுதி செய்துகொண்டு அவளை இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மாட்டிய உடனே பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது பேட்டரிக்கும் பச்சை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தகடுகளைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது. தோலை மினுக்கப் பூசும் மெழுகையும் எண்ணெயையும் நானே தகடுகளில் ஏற்றியிருக்கிறேன். திரை எரிகிற அளவுக்குக் கரண்ட் போயிருக்கிறது, ஷட்டரைத் தள்ளும் அளவுக்குப் போகவில்லை. கேமராவின் உள்ளேயும் துடைத்துவிட்டு அமுக்கினேன். ஷட்டர் சடக்கென்று விழுந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரியான எனக்குக் கூடவே வாயும் நீளம்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வாணியம்பாடிக்குப் போய் அவள் அக்காவிடமும் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னேன். அவள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"வேணாங்க்கா. சார்ஜ் போட மறந்துட்டேன்னு நேத்தே ஒத்துக்கிட்டேன். இனிமே உங்கள யாரும் கூப்பிட மாட்டோம்னு பேசினாங்க. வேற இன்னா பண்றது? இப்ப போய் மாத்திச் சொன்னா நான் சொன்னதும் பொய், நீங்க சொல்றதும் பொய்னு ஆயிடும்."

நான் போயிருக்க வேண்டும். பஸ் ஏறினால் பக்கம்தான். அவளே வேண்டாம் என்றாளே என்று அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். உண்மையில், அவள் வேண்டாம் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வேலை நன்றாக வருகிறது. அவளும் என்னோடு வருகிறாள், அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். போன வாரம் அதே குடும்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். நாங்கள் கூடத்துக்குள் நுழைந்ததுமே அவள் அக்கா அவளிடம் உருதுவில் ஏதோ கேட்டார். கூடமே சிரித்தது. எனக்குப் புரியவில்லை என்று கண்டு, என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

"இன்னிக்காவது சார்ஜ் போட்டியாடின்னு கேட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டே பேட்டரியை என்னிடம் நீட்டினாள். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.