ஞாயிறு வரை உயிரோடு

பின்கதவைத் திறந்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும், ராத்திரியில் எத்தனை கெண்டைக் குஞ்சுகள் செத்திருக்கின்றன என்று. குழாயடியில் என் மாமனாரின் வாளி இருக்கும். லாரி ஓட்டி ஓய்ந்தபின் அவருக்கென்று இருந்த ஒரே ஆசை, ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையம் படுகை அணையில் தூண்டில் போடுவது. விரால் உயிருள்ள இரைக்குத்தான் வரும் என்பார். வாய்க்காலில் வலை போடுகிறவர்களிடம் புதன்கிழமைதான் குஞ்சு கிடைக்கும். அதை ஞாயிறு வரை சாகாமல் வைத்திருக்க வேண்டும். முழங்கால் வலியில் அவரால் குனிய முடியாது. என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப நான்கைந்து மாதமாகும். ஆகவே காலையும் மாலையும் தண்ணீர் மாற்றுவது என் வேலையானது. ஆறே முக்காலுக்குப் பள்ளி வேன் வந்துவிடும். செத்தவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டும் வாடை போகாத கையோடு அன்று முழுக்க நோட்டுத் திருத்துவேன்.

அவர்மேல் இருந்த அன்பினால் அந்தத் தொட்டியைக் கட்டினேன் என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்றுதான் கட்டினேன். காலாண்டு விடுமுறையில் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுக்கச் சொல்லி வாங்கி வந்தேன். அதன் மேல் ஒரு பெயிண்ட் வாளியை வைத்து, அடியில் ஓட்டைகள் போட்டேன். வாளிக்குள் கீழே கூழாங்கல், அதற்கு மேல் உடைத்த செங்கல், எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பாஞ்சு. சின்ன மோட்டார் ஒன்று டிரம்மிலிருந்து தண்ணீரை ஏற்றும். அது வாளி வழியாக வடிந்து மறுபடி டிரம்முக்குள் சலசலவென்று விழும். மாமா நாற்காலி போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஞாயிறு ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

மூன்றாம் வாரம் எல்லாக் குஞ்சும் செத்துப் போயின. தப்பு என்னுடையதுதான். ஸ்பாஞ்சில் வழவழவென்று பாசிபோல் படிந்திருந்ததைப் பார்த்து, பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தில், சோப்புப் போட்டு வெள்ளையாகத் துவைத்து வைத்துவிட்டேன். மறுநாள் டிரம் முழுக்க வெள்ளை வயிறுகள். திருச்செங்கோட்டில் மீன்தொட்டி விற்கும் கடைக்காரர்தான் விளக்கினார். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகிற நுண்ணுயிர்கள் அந்த வழவழப்பில்தான் குடியிருக்குமாம். "தொட்டித் தண்ணியிலயே லேசா அலசிப் புழிஞ்சு வெச்சாப் போதுங்க," என்றார். அதுமுதல் சனிக்கிழமைதோறும் அலசிப் பிழிந்தேன். குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முன்பே பிடித்து வைத்தேன். குறைந்தது என்று நான் நினைத்த வேலை வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. ஞாயிறு மதியம் அவர் கொண்டுவரும் மீனை ஆய்ந்து குழம்பு வைப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மாமா பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு அணைக்குப் போய்விட்டார். ஸ்கூட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். அவரைக் காணாமல், அணையோரம் மீன் விற்கும் அம்மாளிடம் கேட்டேன்.

"அவருங்களா? அவரு தூண்டில் போட்டே ரொம்ப நாளாச்சுங்க. குஞ்சையெல்லாம் தண்ணியில உட்டுட்டுப் படியில ஒக்காந்திருப்பாரு. போறப்ப எங்கிட்ட மீன் வாங்கிக்குவாருங்க."

கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி வாளி. மாத்திரையைக் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளாங்க மாமா?"

"சித்திரையிலருந்து சாமி. வெரலு மரத்துப் போச்சு. முள்ளுல குஞ்சைக் கோக்க முடியறதில்ல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நாயித்துக்கெழம காலைல தொட்டிகிட்ட நின்னுட்டு, 'ஒண்ணுகூடச் சாகலீங்க மாமா'ம்பே. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அரை வருடத்துச் சனிக்கிழமைகள் கண்முன் வந்தன. ஆனால் அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை. "எனக்கு முடியலீங்க மாமா," என்றேன். அதற்குமுன் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "செரி சாமி. நிறுத்திப்போடலாம்," என்றார்.

அன்று மீன் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மோட்டாரின் வயரை அவரே பிடுங்கினார். சலசலப்பு நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. ரசம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் விழித்தேன். கட்டிலருகே மாமா நின்றுகொண்டிருந்தார். டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்திருந்தார். டீயில் பாதி அவர் வேட்டியில் சிந்தியிருந்தது. "சக்கரை பத்துமான்னு பாரு," என்றார்.

அதன்பின் அவர் இருந்தவரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த அரை டம்ளர் டீ எனக்கு வந்தது.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. கணவர் இன்னும் ரிக் வண்டியோடுதான் இருக்கிறார். ஞாயிறு மதியம் நான் இப்போதும் படுக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து, நானே டீ போட்டுக்கொள்கிறேன்.